49-வது நாள்

சபரிமலை போய்விட்டு வந்து, குருசாமி மாலையைக் கழற்றிய அன்று காலை. அரவணைப் பாயசத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "பால் வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினேன். பால் வாங்கும் முன்பே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டேன். 48 நாள் விரதம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஐந்து வருஷம் மாலை போட்டேன். ஐந்து வருஷமும் இதே கதைதான். எனக்கு 51 வயது. 24 வயதில், முதல் வேலையில் தொற்றிக்கொண்ட பழக்கம். டீ கிளாஸை ஒரு கையில் வாங்கினால், இன்னொரு கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். தினம் பத்து, பன்னிரண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் எழுந்ததும் ஓர் இருமல் வரும். நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். "அலாரம் வேண்டாம், அப்பா இருமினா எழுந்துக்கலாம்" என்பாள் மகள். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். போன வைகாசியில் ஆபீஸ் மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். அன்று சிரிப்பு வரவில்லை.

டாக்டர் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "காத்துக்குழாய் குறுக ஆரம்பிச்சிடுச்சு. போனது திரும்பி வராது. இப்ப நிறுத்தினா மேற்கொண்டு கெடுற வேகத்தைக் குறைக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் மனைவி ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போதுதான் கேட்டாள். "ஏங்க, 48 நாள் உங்களால முடியுது. 49-வது நாள் மட்டும் ஏன் முடியலை?"

"அது சாமி பயம்" என்றேன்.

"சாமி 49-வது நாளும் இருக்காரே?"

பதில் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். மாலை போட்டிருக்கும்போது டீக்கடையில் என்னிடம் யாரும் சிகரெட் நீட்ட மாட்டார்கள். புகைத்துக்கொண்டிருப்பவர்கள்கூட, "சாமி வர்றாரு" என்று தள்ளிப்போய் நிற்பார்கள். விடியற்காலையில் கூடப் பூஜை செய்ய ஆட்கள். வீட்டில் அதற்கென்று தனிச் சமையல். அந்த 48 நாளும் விரதம் இருந்தது நான் மட்டும் இல்லை, என் தெருவே எனக்காக இருந்திருக்கிறது.

மாலை இல்லாமலும் ஏழெட்டுத் தடவை விட முயன்றிருக்கிறேன். எல்லாமே ரகசியமாக. தோற்றால் கேலி செய்வார்களே என்ற கூச்சம். யாருக்கும் தெரியாததால், திரும்பத் தொடங்குவதும் சுலபமாக இருந்தது.

இந்த முறை ஊரறியச் சொன்னேன். அட்வைஸ் கேட்கவில்லை. ஆளுக்கொரு வேலை கொடுத்தேன்.

டீக்கடை அண்ணனிடம், "நான் கேட்டா கொடுக்காதீங்கண்ணே" என்றேன். "நல்ல வியாபாரம் பார்த்தீங்க சார்" என்று சிரித்தவர், அன்றிலிருந்து டீயோடு ஒரு கடலைமிட்டாயை வைத்தார். ஆபீஸில் என்னோடு புகைக்க வரும் தம்பியிடம், பதினோரு மணிக்குப் பெட்டிக்கடைக்குப் பதில் கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம் என்றேன். மனைவியிடம் ஒரே வேண்டுகோள்: "தினமும் சட்டையை முகர்ந்து பார்க்காதே. தப்பு செஞ்சா நானே சொல்றேன்." தயங்கி, சரி என்றாள்.

சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கும் போன் செய்தேன். அத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் அந்த எண்ணைப் படித்ததே இல்லை! தமிழிலேயே பேசினார்கள். நிறுத்தும் தேதியைக் குறிக்கச் சொன்னார்கள். புகைக்கும் வேகம் சில நிமிஷங்கள்தான் இருக்கும். அதுவரை தள்ளிப்போடுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வேறு வேலையில் கையை வையுங்கள் என்றார்கள்.

முதல் வாரம் கொடுமை. உப்பு குறைந்ததற்கெல்லாம் கத்தினேன். மகள் மட்டும், "அம்மா, அஞ்சு நிமிஷம் விடு, அடங்கிடும்" என்பாள். அடங்கியது.

19-வது நாள், சொந்தத்தில் ஒரு துக்க வீடு. பந்தலுக்கு வெளியே ஒருவர் நீட்டினார், வாங்கிவிட்டேன். பாதியில் அணைத்துவிட்டு, அங்கிருந்தே மனைவிக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சரி, வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

வீட்டுக்குப் போனால், காலண்டர் தாளில் 19 என்று எழுதி வைத்திருந்தாள். "இன்னைக்குத் தப்பிடுச்சே" என்றேன். "பாதி சிகரெட்டுக்காக 18 நாளை அழிக்கணுமா? நாளைக்கு 20-ன்னே எழுதுவேன்." அன்று அவள் ஒன்று என்று எழுதியிருந்தால், நான் அப்படியே விட்டிருப்பேன்.

நடைக்கு வந்த தம்பியும் மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டான். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான விவரங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டவர்கள் இதைத்தான் கண்டார்கள்: மக்கள் தனித்தனியாக இல்லை, கூட்டம் கூட்டமாகத்தான் புகையை விடுகிறார்கள். கணவனோ மனைவியோ விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவிகிதம் குறைந்ததாம்.

ஏழு மாதம் ஆகிறது. இருமல் முழுசாகப் போகவில்லை. அலாரம் வாங்கும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. மாடியை நிற்காமல் ஏறுகிறேன். டீ வாசனைக்குக் கை இன்னும் சில நாள் பைக்குப் போகிறது. உள்ளே கடலைமிட்டாய் இருக்கிறது.

இந்தக் கார்த்திகையிலும் மாலை போட்டேன். மலைக்குப் போய் வந்து கழற்றிய மறுநாள் டீக்கடைக்குப் போனேன். அண்ணன் டீயைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே அப்படிப் பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்லை சார். இன்னைக்கு 49-வது நாளாச்சே!"