அளவுகோலுக்கு அடங்காதவர்

மாந்தர் விரும்பியாடும் ஆட்டங்களுள் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப்போல் உடலின் அளவைப் பெரிதாக மதிப்பன சிலவே. பெயர் கால்பந்தாயினும் அதிற் காலுக்கு வேலை சிறிது. இருமுனையும் குவிந்த பந்தைக் கையிலேந்தி ஓடியும், தூர எறிந்தும், நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜமேனும் முன்னேறல் வேண்டும். ஓரணியார் பதினொருவர் முன்னேற முயல, எதிரணியார் பதினொருவர் தம் உடலையே மதிலாக்கி மறிப்பர். மறிப்போருள் முன்வரிசையில் மலைபோன்ற மேனியர் நிற்பர். அவர்க்குச் சற்றுப் பின்னே நிற்போர் லைன்பேக்கர் எனப்படுவர். ஓடிவருவோனை வீழ்த்தலும், எறிந்த பந்தை இடைமறித்தலும், வரிசையை ஊடுருவிச் சென்று எறிவோனையே பற்றுதலும் அவர்தம் கடன். அவருள் நடுநிற்போன், எதிரணியார் நிற்கும் நிலையைக் கண்டே நிகழப்போவதை உய்த்துணர்ந்து, தன் தோழர்க்கு உரக்கக் கூறி அவரை இடமறிந்து நிறுத்துவான். ஆதலின் அவ்விடத்திற்கு வலிமையோடு அறிவும் வேண்டப்படும்.

யான் இவ்வாட்டத்தை ஆடினவனல்லன். காட்சிப் படங்களிற் கண்டு கற்றவன். அதன் வீரர் பலர் தம் ஆற்றலால் என்னை வியப்பித்தனர். ஒருவர் மட்டும், ஆசிரியனாகிய என்னை நின்று சிந்திக்கச் செய்தார். அவர் சாம் மில்ஸ் என்பவர்.

1959-ஆம் ஆண்டு நியூ ஜெர்ஸி மாகாணத்திற் பிறந்த மில்ஸ், அங்கேயே மாண்ட்கிளேர் ஸ்டேட் என்னும் கல்லூரியிற் பயின்று லைன்பேக்கராகப் பெயர் பெற்றார். அவருடைய உயரம் 5 அடி 9 அங்குலம். நம்மிடையே இது குறைவன்று. அவ்வாட்டத்திலோ ஆறடிக்கு மேற்பட்டோரையே அவ்விடத்திற்குத் தேடுவர். தேசியக் கால்பந்துச் சங்கத்தின் அணிகள் கல்லூரி வீரரை முறைவைத்துத் தெரிந்தெடுத்தபோது, அவரை எவரும் வேண்டிலர். 1981-இல் கிளீவ்லண்டு பிரவுன்ஸ் அணியினர் அவரைப் பரீட்சித்துப் பார்த்து விலக்கினர். அடுத்த ஆண்டு, கனடா நாட்டு டொராண்டோ ஆர்கோநாட்ஸ் அணியினரும் அவ்வாறே செய்தனர். மில்ஸ் தம் மாகாணத்துக்கு மீண்டு, ஈஸ்ட் ஆரஞ்சு நகரத்து உயர்நிலைப்பள்ளியில் ஒளிப்படக் கலையும் மரவேலையும் கற்பிக்கும் ஆசிரியரானார்.

1983-இல் அந்நாட்டிலே புதியதொரு கால்பந்துச் சங்கம் தோன்றிற்று. அதனைச் சேர்ந்த பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணியில் மில்ஸுக்கு இடம் வாய்த்தது. அவரது உருவத்தைக் கண்டு "வயலெலி" என்று பெயரிட்டழைத்தனர். அவ்வெலியோ தன்னினும் பெரியாரைத் தாக்கி வீழ்த்திற்று! மூன்றாண்டுகளிலும் அவ்வணி இறுதிப் போட்டியை எட்டியது. 1984, 1985 ஆகிய ஈராண்டுகளில் வாகை சூடியது. பின்னர் அச்சங்கம் கலைந்ததாயினும், அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் மோரா 1986-இல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் என்னும் தேசியச் சங்கத்து அணிக்குச் சென்றபோது மில்ஸையும் உடன்கொண்டு சென்றார். அப்போது மில்ஸின் வயது 27. 1967-இல் தோன்றிய அவ்வணி, இருபதாண்டுகளில் ஓராண்டேனும் தோல்வியினும் வெற்றி மிகுதியாகப் பெற்றதில்லை. 1987-இல் அது பன்னிரண்டு ஆட்டங்களில் வென்று, மூன்றில் மட்டுமே தோற்றது. தாம் பயிற்றிய வீரருள் மில்ஸே தலைசிறந்தவர் என்று மோரா பின்னாளிற் கூறினார்.

1995-இல் புதிதாகத் தோன்றிய கரோலினா பாந்தர்ஸ் அணியில் அவர் சேர்ந்தார். அவ்வணியின் முதல் வெற்றி, 36 வயதினராகிய மில்ஸ் எதிரி எறிந்த பந்தை இடைமறித்து, 36 கஜம் ஓடி எல்லை சேர்த்த ஆட்டத்திலே கிடைத்தது. 1997-ஆம் ஆண்டு ஆட்டங்களோடு அவர் ஓய்வு பெற்றார். ஆண்டின் சிறந்த வீரர்க்குரிய ஆட்டத்திற்கு அவர் ஐந்து முறை தெரிந்தெடுக்கப்பட்டவர்.

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்று சொல்லி இவ்வரலாற்றை முடித்துவிடல் எளிது. எனக்கு அது போதவில்லை. ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலைக் கையிற்கொண்டு, இவன் வேண்டும், இவன் வேண்டா என்று தெரிந்தெடுக்கும் குழுவில் யானும் ஒருவனாக அமர்பவன். அளவுகோல் வீணென்று யான் சொல்லேன். நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்கும்போது ஏதேனுமோர் அளவு வேண்டத்தான் வேண்டும். மில்ஸை அளந்தோர் பொய்யாக அளந்தாருமல்லர். ஐந்தடி ஒன்பதங்குலம் ஐந்தடி ஒன்பதங்குலமே. ஆயின் எதிரியின் நிற்கையைக் கண்டு அவன் நெஞ்சை அறியும் கண்ணை எக்கோலால் அளப்பது? மேலும், விடாமுயற்சி ஒன்றாலேயே மில்ஸ் வென்றார் என்பதும் முழுமையான உண்மையன்று. புதிய சங்கமொன்று தோன்றி அவருக்குக் கதவு திறவாதிருப்பின், அதே முயற்சியும் அதே கண்ணும் உடைய அவர் மரவேலைக் கூடத்திலேயே காலங்கழித்திருப்பர். அது இழிவான வாழ்வன்று. ஆயினும் அவ்வாறு கதவு திறவாமல் நின்றவர் எத்துணைப் பேரோ என்னும் எண்ணமே என்னை வருத்துவது. முயல்வது இளைஞர் கடன். கதவைத் திறந்து வைப்பது மூத்தோர் கடன். முன்னதை மேடைதோறும் ஓதும் நாம் பின்னதை மறத்தலாகாது.

ஓய்வுக்குப் பின் மில்ஸ் கரோலினா அணியிலேயே பயிற்சியாளரானார். ஆசிரியர் மீண்டும் ஆசிரியராயினார் என்க. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவரது குடலிற் புற்றுநோய் கண்டது. மருத்துவத்திற்கு உடலை ஒப்புவித்துக்கொண்டே அவர் தம் பணியையும் விடாது செய்தார். 2004 ஜனவரியில் டாலஸ் அணியோடு நிகழவிருந்த ஆட்டத்தை முன்னிட்டு வீரர்க்கு உரையாற்றிய அவர், நோயறிந்த நாளில் தமக்கிருந்த வழிகள் இரண்டே, ஒன்று கைவிடுதல், மற்றொன்று இடைவிடாது மோதுதல் என்னும் கருத்தமையப் பேசினார். அவ்வாட்டத்தில் வென்ற அணி, பெருமைமிக்க இறுதிப் போட்டியையும் எட்டிற்று. அங்கே 32-க்கு 29 என்னும் கணக்கிலே தோற்றது. 2005 ஏப்ரல் 18-ஆம் நாள், தமது 45-ஆம் வயதில், மில்ஸ் இவ்வுலக வாழ்வை நீத்தார். புகழ்பெற்ற வீரர்க்குரிய கேண்டன் நகர மண்டபத்தில் 2022-இல் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது. அங்கும் அவர் நெடுங்காலம் காத்திருந்தே புகுந்தார்.

"கீப் பவுண்டிங்" என்ற அவருடைய இரு சொற்களைக் கரோலினா அணியினர் தம் முழக்கமாகக் கொண்டு, அச்சொற்களின் பெயரால் முரசறைகின்றனர். மாணவ நண்பர்காள், நும்மை எவரேனும் அளந்து சிறிதென்று கூறின், அவர் கூறும் எண்ணை மறுக்க வேண்டா. அவ்வெண் நும்மை முற்றும் கூறிவிட்டதென்று மட்டும் நம்பாதீர். நாளை நும் கையில் அளவுகோல் வரும். அன்றும் இதனை நினைவிற் கொள்வீராக.