ஒரே ஒரு தூண்டில்

தியான வாசிப்பு: மத்தேயு 17:24-27

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். சென்ற ஆண்டு மே மாதம், நான் உங்கள் மத்தியில் ஊழியத்திற்கு வந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்த சில சகோதரர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதிகச் செலவில்லாமல், பொழுதுபோக்காகத் தூண்டில் போட இந்தப் பக்கத்தில் நல்ல இடம் எது என்பதே அந்தக் கேள்வி. ஒருவரும் பதில் சொல்லவில்லை. கேள்வி விளங்கவில்லை போலும் என்று எண்ணி, அதையே மறுபடியும் கேட்டேன். அந்த இரண்டாம் முறை கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். மலைப்பகுதியில் ஊழியம் செய்த ஆண்டுகளில், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சபை மூப்பர் எனக்குத் தூண்டில் கலையைக் கற்றுக்கொடுத்தார். இரை எதுவும் வேண்டாம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்து, ஓடுகிற நீரின்மேல் மெல்ல விழவிட வேண்டும். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளுக்கு டிரவுட் மீன் பிடிக்கச் செல்வோம். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவோம். ஆனாலும் அந்தக் குளிர்ந்த நீரின் சத்தத்தில் என் களைப்பு நீங்கும். இடமாற்றல் ஆணை வந்தபோது குருமனைச் சாமான்களோடு அந்தத் தூண்டில் கம்பையும் கட்டி எடுத்துவந்தேன்.

வந்த முதல் வாரத்திலேயே ஆறு தேடினேன். வைகை இருக்கிறதே என்றார்கள். வருசநாட்டு மலையில் பிறந்து 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிற அந்த ஆறு, பெரும்பாலான ஆண்டுகளில் கடலைக் காணாமலே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. கோடையில் நான் கண்டது மணலும் சீமைக்கருவேல மரங்களுமே. கண்மாய்களில் மீன் உண்டு. ஆனால் மீன்பாசி உரிமையை ஏலத்தில் எடுத்தவருக்கே அது சொந்தம். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா, அனுமதியின்றி அவற்றை நெருங்கலாகாது. வாடகைக்குப் படகு பிடித்துக் கடலுக்குள் போகலாம் என்றார் ஒருவர். அவர் சொன்ன தொகை ஒரு போதகரின் சம்பளத்திற்கு எட்டாதது. இப்படி எல்லா வாசலும் அடைபட்ட பிறகுதான் ஆலய வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

பிரியமானவர்களே, அது என்ன காலம் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம்பெருக வேண்டும் என்பதற்காக விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டிருக்கும் நாட்கள். அந்த வாசலில் நின்ற ஐந்து பேரில் நான்கு பேர் ஒரு மாதமாய்க் கடலுக்குப் போகாதவர்கள். அரசு தருகிற நிவாரணத் தொகை கடைக்காரருக்கும் வட்டிக்காரருக்கும் போய்ச் சேர்ந்த பின், வீட்டில் அடுப்பெரிய வழி தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடத்தில்தான் நான் மீன்பிடிப்பை விளையாட்டாகக் கேட்டேன்.

எல்லாரும் கலைந்தபின் பெரியவர் ஒருவர் மட்டும் அருகே வந்தார். "நாளைக்கு விடியக்காலையில வாங்க ஐயா. அந்தக் கம்பு வேண்டாம்" என்றார்.

அவர் என்னை வடகடல் கரைக்கு அழைத்துச் சென்றார். கச்சான் காற்று எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்றில் வடகடல் பொங்கும், தென்கடல் இளகும் என்று நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். விசைப்படகுகளுக்குத்தான் தடை, கரையிலிருந்து போடுகிற தூண்டிலுக்கு இல்லை என்பதையும் அவரே தெளிவாக்கினார். ஒரு கட்டையில் சுற்றிய நைலான் நரம்பு, ஒரு முள், ஓர் ஈயக்குண்டு, இரைக்குச் சிறிது இறால். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம்கூட அதற்குச் செலவாகவில்லை. நான் தேடிய மலிவான மீன்பிடிப்பு, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத மனிதரின் கையில் இருந்தது.

இடுப்பளவு நீரில் நின்று அவர் நரம்பைச் சுழற்றி எறிந்தார். வெயில் ஏறுவதற்குள் ஏழெட்டுக் கிழங்கான் மீன்கள் கிடைத்தன. எனக்கு ஒன்று. திரும்புகையில், அவருடைய மகனும் படகும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். கடல் எல்லையைத் தாண்டியதாகச் சொல்லி மகனைப் பிடித்துவைத்திருந்தார்களாம். மகன் திரும்பி வந்துவிட்டான், படகு வரவில்லை. படகுக்கு வாங்கிய கடன் மட்டும் இருக்கிறது. இப்போது அவன் இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறான். இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க கேட்டது தப்பில்லைய்யா. உங்களுக்கு ஓய்வு தண்ணியில இருக்கு. எங்களுக்கு ஓய்வுன்னா கரைதான்" என்றார். பிறகு வழியில் ஒரு விதவைத் தாயின் வீட்டு வாசலில் மூன்று மீன்களை வைத்துவிட்டு, மீதியோடு தம் வீட்டுக்குப் போனார்.

அன்று இரவு நம் தியானப் பகுதியைத் திறந்தேன். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். கப்பர்நகூமில் தேவாலய வரி வாங்குகிறவர்கள் பேதுருவிடம் வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு திராக்மா. ஆண்டவர் அந்த வரிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ராஜாவின் பிள்ளைகள் வரி செலுத்துவதில்லை என்று அவரே பேதுருவுக்கு விளக்குகிறார். ஆயினும் அந்த மனிதருக்கு இடறலாக இருக்க வேண்டாம் என்று, பேதுருவைக் கடலுக்கு அனுப்புகிறார். புதிய ஏற்பாட்டின் மூலமொழியில் தூண்டில் முள் என்ற சொல் வருவது இந்த ஓரிடத்தில் மாத்திரமே. வலையில் வளர்ந்த பேதுருவுக்கு ஒரே ஒரு தூண்டில், ஒரே ஒரு மீன், அதன் வாயில் இருவருக்கும் போதுமான ஒரே ஒரு நாணயம்.

இந்தப் பகுதியில் நான் இதுவரை அற்புதத்தையே பார்த்திருந்தேன். அந்த இரவில்தான் அதற்கு முன்னால் இருக்கிற காரணத்தைக் கண்டேன். ஆண்டவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையைப் பிறருக்கு இடறலாக்காமல் இருக்கும் அன்பும் அவரிடம் இருந்தது. ஓய்வெடுக்க எனக்கும் உரிமை உண்டு. தூண்டில் போடுவது பாவமன்று. ஆனால் என் ஓய்வு யாருடைய வேதனையின்மேல் விழுகிறது என்று பார்க்கும் கண் என்னிடம் இல்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் கர்த்தர் எனக்குக் காண்பித்தார். நான் ஏங்கிய டிரவுட் மீன் நம் மலைகளின் சொந்த மீன் அன்று. 1863-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் உழைப்பால், இலங்கை முதலிய இடங்களிலிருந்து வந்த முட்டைகள் அவலாஞ்சியில் பொரிக்கப்பட்ட பிறகே அது அந்த ஓடைகளில் நிலைகொண்டது. பெயர்த்து நடப்பட்ட ஒரு மீனை நினைத்து, பெயர்த்து நடப்பட்ட நான் முறுமுறுத்துக்கொண்டிருந்தேன்! அந்த மீனுக்குக் குளிர்ந்த நீர் இல்லாமல் முடியாது. எனக்கோ எந்த நீரிலும் துணை நிற்கிற தேவன் உண்டு.

அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரர்களிடம் தனித்தனியே மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் இன்னும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அது அவருடைய உரிமை. திங்கட்கிழமைகளில் பெரியவரோடு கரைக்குப் போகிறேன். கிடைக்கிற மீன் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லுவார். பல நாட்களில் ஒன்றும் கிடைப்பதில்லை. மகனுடைய படகு இன்றுவரை திரும்பவில்லை. அதற்கு என்னிடம் ஆறுதல் வசனம் எதுவும் இல்லை. அவர்களோடு காத்திருக்கிறேன், அவ்வளவே.

அன்பானவர்களே, உங்களில் வேலை நிமித்தமாய் இந்தக் கரைக்கு வந்தவர்கள் உண்டு. திருமணமாகி வேறு ஊரிலிருந்து வந்த சகோதரிகள் உண்டு. விட்டுவந்த ஊரின் ஓடையை நினைத்து ஏங்குகிறீர்களா? ஏங்குவது தவறன்று. ஆனால் இங்கே எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதற்குமுன், இது உங்களுக்கு என்ன காலம் என்று அடுத்த வீட்டாரிடம் கேளுங்கள். இந்த வாரத்தில் ஒருவரிடமாவது கேளுங்கள். உங்களுக்கான தூண்டில் அவர் கையிலேயே இருக்கக்கூடும்.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, எங்கள் ஓய்வும் எங்கள் உரிமையும் பிறருக்கு இடறலாகாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். கரையில் காத்திருக்கிற குடும்பங்களை நினைத்தருளும். கடலுக்குச் செல்லுகிறவர்களைப் பத்திரமாய்க் கரை சேர்த்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்