கேஸ் போனது எங்கே?

பழைய ஃப்ரிட்ஜ் குளிராவிட்டால் ‘கேஸ் போயிடுச்சு’ என்று சொல்லிவிடுவது நம் ஊரில் சுலபம். குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் நின்றபோதும் வந்து பார்த்தவர் அதையே சொன்னார். குழாயை வெட்டிப் புதிதாக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தள்ளிவிட்டு வேறு வாங்குங்கள் என்றார். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தார்.

பெரியவர் கதவைத் திறந்தார், விளக்கு எரிந்தது. பின்னால் போய் கம்ப்ரசர்மேல் உள்ளங்கையை வைத்தார், சூடே இல்லை. “கேஸ் போயிருந்தா மிஷின் ஓயாம ஓடும்மா, குளிர்தான் வராது. இது ஓடவே இல்லையே?” என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளக்கை ஒட்டியிருந்த தெர்மோஸ்டாட் பெட்டியைக் கழற்றினார். முனைகளில் பச்சைக் களிம்பு. கடற்காற்று படும் வீடுகளில் இது சகஜம். சில நேரம் அதைத் தேய்த்தாலே சரியாகிவிடும். அவரும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டி, குமிழை முழுதும் திருப்பிப் பார்த்தார். அசைவில்லை. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ஒயர்களையும் தெர்மோஸ்டாட்டிலிருந்து உருவி ஒன்றோடொன்று இணைத்து டேப் சுற்றினார். கரண்ட் கொடுத்ததும் கம்ப்ரசர் உறுமி ஓடத் தொடங்கியது. கோளாறு தெர்மோஸ்டாட்டில்தான்.

அதிலிருந்து நீளும் மெல்லிய குழலுக்குள்ளும் கொஞ்சம் வாயு அடைபட்டிருக்கிறது. ஐஸ் பெட்டியில் வெப்பம் ஏறினால் அது விரிந்து உள்ளேயிருக்கும் துருத்தியைத் தள்ளும். பாயிண்ட் சேரும், கம்ப்ரசர் ஓடும். குளிர்ந்தால் சுருங்கி விலகும். குழல் எங்காவது கசிந்தால் துருத்தி சுருங்கியே கிடக்கும், பாயிண்ட் சேரவே சேராது. கேஸ் போனது உண்மைதான். ஆனால் அந்தக் குழலில்.

எங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்திய வாயு. இந்தியாவில் 2010-க்குள் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அப்படிப்பட்ட மிஷினின் குழாயைக் காரணமில்லாமல் வெட்டினால் எஞ்சியிருக்கும் வாயுவும் காற்றில் போகும், அதே வாயுவைத் திரும்ப ஏற்றவும் வழியில்லை. அவசரப்பட்டு வெட்டுவது எனக்குக் குற்றமாகவே படுகிறது.

புதிய தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்தான். மாட்டுவதில்தான் கவனம் வேண்டும்: குழல் மடங்கக் கூடாது, அதன் நுனி ஐஸ் பெட்டியின் கிளிப்பில் நன்றாக அழுந்தியிருக்க வேண்டும். நுனி விலகியிருந்தால் நேரத்துக்குக் கட் ஆகாது. கீழ்த்தட்டுத் தயிர்கூட உறைந்துபோகும். குமிழிலுள்ள எண்கள் டிகிரி அல்ல; நடுவில் வைத்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் விளக்கு எரிந்து கம்ப்ரசர் ஓடாமல் கிடந்தால், குழாயில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். முதலில் தெர்மோஸ்டாட்டையும், அடுத்து ரிலேயையும் சோதிக்கச் சொல்லுங்கள்.