ஒரு எண் செய்த வேலை

நண்பர்களே, கம்ப்யூட்டர் வந்தால் கத்திக்கும் ஸ்கேலுக்கும் வேலை இல்லை என்று நினைத்தவன் நான். பொம்மையார்பாளையத்தில் வலையும் படகும் பார்த்து வளர்ந்தவனுக்கு மவுஸைப் பிடித்ததே பெரிய பெருமை!

ஷூ டிசைனில் முதலில் லாஸ்ட் மீது டேப் ஒட்டி, கோடு வரைந்து, உரித்துத் தட்டையாக்கி பேட்டர்ன் எடுப்போம். ஒரு சைஸுக்கு எடுத்தால் போதும். மற்ற சைஸ்களை கேட் சாஃப்ட்வேரே போட்டுத் தரும். அதுக்குப் பேர்தான் கிரேடிங்.

பிரெஞ்சு அளவில் சைஸுக்கு சைஸ் நீளம் 6.67 மி.மீ. கூடும். ஆங்கில அளவில் 8.46 மி.மீ. லேடீஸ் ஷூ ஒன்றை 37-லிருந்து 41 வரை பிரெஞ்சு அளவில் கிரேடிங் செய்யும்போது 8.46 என்று அடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 41-ல் 7 மி.மீ. அதிகம், ஒரு சைஸுக்கும் மேலே! தைத்த அப்பர் லாஸ்டில் தொளதொளவென்று நின்றது. தோல் வீண்.

ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட சொன்னேன். பள்ளிக்கூடம் போகாதவர். வலை பின்னிக்கொண்டே, "அளவுப் பலகை தப்பாப் போனா வலை பூராவும் தப்புத்தான். ஒரு கண்ணியைக் கையால அளந்து பார்க்க மாட்டியாடா?" என்றார்.

இப்போதெல்லாம் பெரிய சைஸை அட்டையில் வெட்டி, லாஸ்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் தோலைத் தொடுகிறேன். நாளை ஆம்பூர், ராணிப்பேட்டை என்று வேலைக்குப் போவோம். அங்கே வீணாவது ஒரு ஜோடியோடு நிற்காது, நண்பர்களே!