படுவான்கரையில் ஒரு தயிர்ப் பழ ஐஸ்

மட்டக்களப்பு மக்கள் தங்கள் வாவியை நடுவில் வைத்துத்தான் திசை சொல்வார்கள். சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் வயற்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் பட்டணமும் ஆஸ்பத்திரியும் பெரிய கடைகளும் இருக்கின்றன. படுவான்கரையில் நெல்லும் மாடும் இருக்கின்றன. அந்த மாடும் எருமையும் தருகின்ற தயிரைத்தான் நாம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் "மட்டக்களப்புத் தயிர்" என்று கேட்டு வாங்குகிறோம்.

நான் போனது சித்திரை மாதத்து வெயிலில். கல்முனை வீதியால் வந்து, ஆரையம்பதி கடந்து, மேற்கே திரும்பினால் மண்முனைப் பாலம். 2014ஆம் ஆண்டு ஜப்பானின் உதவியுடன் இந்தப் பாலம் திறக்கப்படும்வரை இவ்விடத்தில் "பாதை" ஓடியது. வெளியூர்ச் சகோதரிகளுக்கு இது குழப்பமாக இருக்கும்: இங்கே பாதை என்றால் வீதியல்ல, ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடத்தும் மிதவை. அதைத் தவற விட்டால் அடுத்ததற்குக் கரையில் நிற்க வேண்டும். பிரசவத்துக்குப் போகும் தாயும் நின்றாள், தயிர்ச் சட்டி கொண்டுபோனவளும் நின்றாள். இப்போது பஸ் சில நிமிடத்தில் அக்கரை போய்விடுகிறது. பாலத்தின் நடுவில் யன்னலைத் திறந்தால் நீர்க்காற்று முகத்தில் அடிக்கிறது, இறங்கியதும் அனல்.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீச்சரர் ஆலயம் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் அங்கிருந்த கல் நந்தி எழுந்து புல் உண்டதாக ஐதீகம். மாடு வளர்க்கும் ஊருக்குப் பொருத்தமான கதை என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரின் பெயரை நம்மில் பலர் வேறு செய்திகளில்தான் முதலில் கேட்டோம். 1987 தை மாதமும் 1991 ஆனி மாதமும் இங்கே நடந்த படுகொலைகளை மறக்க முடியாது. அதன் பிறகு 2007 மார்ச்சில் படுவான்கரையே எழும்பி வாவியைக் கடந்து ஓடியது. பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொள்ளலாம், பட்டி மாட்டைத் தூக்க முடியுமா?

நான் தங்கிய வீட்டு அக்கா அன்று கயிற்றை அவிழ்த்து விட்டுத்தான் ஓடினாராம். "கட்டி வச்சா தண்ணியில்லாமச் செத்துப் போகும், அவுத்து விட்டா எங்கயாவது புல்லுத் திண்டு கிடக்கும் எண்டுதான்," என்றார். சில மாதங்கழித்துத் திரும்பியபோது ஏழு எருமையில் இரண்டு தாமாகவே பட்டிக்கு வந்தன. கணவர் வரவில்லை. அதைப் பற்றி அவர் அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இரண்டின் வழி வந்தவைதான் இப்போது பட்டியில் நிற்கின்றன. தாயும் மகளும் பெத்தாவுமாக மூன்று பெண்கள் அந்தப் பால் வருமானத்தில் சீவிக்கிறார்கள்.

பாலின் கணக்கு நாங்கள் நினைப்பதுபோல் ஒரே சீராக இல்லை. பெரும்போகம் விதைத்ததும் பயிரைக் காப்பதற்காக மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் அவை ஊர் வயல்களுக்குத் திரும்பும். அந்த மேய்ச்சல் தரைகளே இன்று பிரச்சினையாகியிருக்கின்றன. மயிலத்தமடு, மாதவணைத் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மாடு திரும்பும் காலத்தில் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் பால் பெருகும். அதே நேரத்தில் வெயிலும் ஏறும். பால் எடுக்கும் வாகனம் ஒருநாள் வராவிட்டால் அவ்வளவும் தயிராக வேண்டும். எல்லா வீட்டிலும் தயிர் இருக்கும்போது யார் யாரிடம் வாங்குவது?

எருமைப்பால் பசுப்பாலைவிடத் தடிப்பானது. அதன் கொழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. நன்றாகக் கொதிக்க வைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறைமோர் கலந்து மண்சட்டியில் ஊற்றி வைத்தால் காலையில் கத்தியால் வெட்டலாம். மண்சட்டி தயிரின் நீரைக் கொஞ்சம் உறிஞ்சி வெளியே கசியவிடுவதால் தயிர் இறுகியும் குளிர்ந்தும் இருக்கிறது. ஆனாலும் சித்திரை வெயிலில் முதல்நாள் தேனாய் இருந்தது இரண்டாம் நாள் பின்னேரம் பல்லைக் கூசவைக்கும். மூன்றாம் நாள் மோர்தான். மோரை யாரும் காசுக்கு வாங்குவதில்லை, அயலுக்குக் கொடுப்பதுதான் வழக்கம்.

அக்கா முன்பு மிஞ்சும் தயிரில் சீனி கலந்து சிறிய பைகளில் கட்டி, அயல்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஐஸ் பைக்கற்றாக விற்றார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்களே, அப்போது அது நின்றது. பைகளெல்லாம் உருகிப் புளித்தன. அந்த நாட்களில்தான் மகள் விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஒன்றைச் சொன்னாள்: ஐஸில் உப்புப் போட்டால் அதன் குளிர் இன்னும் கூடும். மீன் வாடிக்கு வரும் கட்டி ஐஸ் கிடைத்த ஒருநாள் செய்து பார்த்தார்கள். சரிவந்தது.

மின்சாரம் சீரான பிறகு, தவணைக்குப் பெரிய உறைபெட்டி எடுத்துத் தருவதாக ஒருவர் படியேறி வந்திருக்கிறார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். "கடனுக்குப் பெட்டி எடுத்தாக் கிழமைக்குக் கிழமை ஆள் வந்து வாசல்ல நிக்கும், தங்கச்சி. மாடு கறந்தாலும் நிக்கும், கறக்காட்டியும் நிக்கும். ஐஸ் கட்டி அப்படியில்ல கா. உருகினாக் கணக்கு முடிஞ்சுது." இது வெறும் பயமல்ல. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று பாருங்கள். உறைபெட்டி கூடாதென்று நான் சொல்லவில்லை. அது வேலை செய்து சம்பாதிக்கும் முன்பே தவணை கேட்கத் தொடங்கிவிடும் என்பதைத்தான் அக்கா கண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அவர் செய்ததை அருகில் இருந்து பார்த்தேன். ஒரு லீற்றர் தயிரைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, இரண்டு மணி நேரம் குளிர்ச்சியான இடத்தில் தொங்கவிட்டார். கால்வாசிக்குக் கிட்ட நீர் இறங்கியது. இதை விட்டுவிடக் கூடாது. நீர் கூடினால் ஐஸ் கட்டி கட்டியாக, மணல்போலக் கடிபடும். இறங்கிய நீரைப் பெத்தா வீணாக்காமல் சொதிக்கு எடுத்துக்கொண்டார். பிறகு தயிரை மரக்கரண்டியால் அடித்து, 150 கிறாம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கரைத்தார். சீனியை மிகவும் குறைத்தால் ஐஸ் கல்லாகிவிடும், மிகவும் கூட்டினால் உறையவே உறையாது. உறைந்த பிறகு இனிப்புக் குறைவாகத் தெரியும் என்பதால் கலவை நாக்குக்குச் சற்று அதிகமாக இனிக்க வேண்டும்.

அன்று பழம் மாம்பழம். தோலும் நாரும் நீக்கிப் பிசைந்தது ஒரு பெரிய கோப்பை. வாழைப்பழம் என்றால் கதலிதான் நல்லது, கறுக்காமல் இருக்க நாலு துளி தேசிக்காய்ச்சாறு விட வேண்டும். கொடித்தோடையின் சாற்றை வடித்துச் சேர்த்தால் வாசம் வீட்டை நிறைக்கும். வத்தகைப்பழம் நீர்ப்பழம், இதற்கு ஒத்துவராது. அன்னாசியையும் பப்பாசியையும் பச்சையாகப் போடவே வேண்டாம். அவற்றிலுள்ள ஒரு பொருள் பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைத்துவிடும். சீனியுடன் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் குற்றமில்லை.

கலவையை மூடி இறுக்கமான ஒரு சில்வர் பாத்திரத்தில், முக்கால் பங்குக்கு மேல் போகாமல் ஊற்றினார். பெரிய வாளி ஒன்றை உமி நிரப்பிய சாக்கின் மேல் வைத்தார். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி உலக்கையால் இடித்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று அடுக்கடுக்காக வாளியில் போட்டு நடுவில் பாத்திரத்தை அமுக்கினார். ஐஸும் உப்பும் பாத்திரத்தின் கழுத்துக்குக் கீழேயே நின்றன. பிறகு மகள் அதன் கைபிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பத் தொடங்கினாள்.

ஏன் உப்பு என்று மகளே எனக்கு விளக்கினாள். ஐஸ் உருகுவதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைப் பக்கத்திலிருக்கும் பாத்திரத்திலிருந்து இழுக்கும். வெறும் ஐஸ் பூச்சியம் பாகையில் நின்றுவிடும். சீனி கலந்த தயிரோ பூச்சியத்தில் உறையாது. உப்புச் சேர்ந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து பாகைக்குப் போயும் உருகிக்கொண்டேயிருக்கும், அதனால் தயிர் தோற்றுப் போகும். "தயிர் தோற்றுப் போகும்" என்பது அவளுடைய வார்த்தை. பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி கிடைக்குமோ தெரியாது, எனக்கு நன்றாக விளங்கியது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்தின் வெளியைத் துடைத்து, மூடியைத் திறந்து, சுவரில் படிந்ததைக் கரண்டியால் சுரண்டி நடுவில் கலந்தார்கள். துடைக்காமல் திறந்தால் உப்புத்தண்ணி உள்ளே போய்விடும். அதோடு மீனுக்கு வரும் ஐஸ் வாயில் வைக்கத்தக்கதல்ல. அதில் ஒரு துளியும் தயிரில் படக்கூடாது. ஐஸும் உப்பும் கலந்ததை வெறுங்கையால் அள்ளவும் கூடாது, தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். நாற்பது நிமிடமளவில் கரண்டி நிமிர்ந்து நின்றது. ஒரு லீற்றர் தயிருக்குப் பன்னிரண்டு சிறு கப் வந்தது. மேலே நறுக்கிய மாம்பழத் துண்டுகளை வைத்து, மிச்ச ஐஸுடன் றெஜிபோம் பெட்டியில் அடுக்கி ஈரச்சாக்கால் மூடினார்கள். மூன்று மணி நேரத்துக்குள் விற்க வேண்டும். உருகியதை மீண்டும் உறைய வைத்து விற்பதில்லை என்பதில் அக்கா பிடிவாதம். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், சாகாது. தூங்கிக் கிடந்து உருகியதும் பெருகும். பாலைக் கொதிக்க வைப்பதும் கையைக் கழுவுவதும்தான் காவல். விற்பதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு அனுமதியும் எடுத்திருக்கிறார்.

வீட்டில் பிறிட்ஜ் உள்ள சகோதரிகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. அதே கலவையைத் தட்டையான தட்டில் விரல் தடிப்புக்குப் பரப்பி, பழத்துண்டும் வறுத்து நொறுக்கிய கச்சானும் தூவி, ஐஸ் அறையில் ஓர் இரவு வைத்து உடைத்துக் கொடுக்கலாம். கதலித் துண்டுகளை ஈர்க்கில் குத்தித் தயிரில் தோய்த்து உறைய வைத்தால் பிள்ளைகள் ஐஸ்பழம் என்றே சாப்பிடுவார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் பழமும் தயிரும் மட்டும் சேர்த்துச் செய்யலாம். கொஞ்சம் கல்லுப்போல இருக்கும், ஐந்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டால் இளகும்.

பின்னேரம் ரியூசன் முடிந்து வந்த பிள்ளைகள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வாங்கினார்கள். வயலில் நின்று வந்த ஒருவர் இரண்டு வாங்கி, ஒன்றைச் சாப்பிட்டு மற்றதை ஓட்டமாய் வீட்டுக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டில் பதினொன்று விற்றது. ஒன்று எனக்கு. நாக்கில் முதலில் குளிர், பிறகு மாம்பழம், கடைசியில் எருமைத் தயிரின் அந்த மெல்லிய புளிப்பு. கடை ஐஸ்கிறீமில் இந்தக் கடைசி ருசி கிடையாது.

இந்த வீட்டைத் தாங்குவது இதுவல்ல, பால்தான். மிஞ்சும் தயிர் மட்டுமே இப்படிக் காசாகிறது, அதுவும் ஐஸ் கிடைக்கும் நாட்களில். அந்தக் காசு மகளின் ரியூசனுக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. அடுத்த வருடம் அவளுக்கு உயர்தரப் பரீட்சை. அக்கா தயிர்க் கணக்கை ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்: ஐஸ், உப்பு, சீனி, பழம், கப். தன்னுடைய கூலியையும் ஒரு வரியில் எழுதுகிறார். அந்த வரி மகள் சொல்லி எழுதத் தொடங்கியதாம்.

நான் புறப்படும்போது பாலைப்பழத்தைப் பற்றிக் கதை வந்தது. காட்டில் பாலை பழுக்கும் காலம் நெருங்குகிறது. அந்தப் பழத்தின் பால் உதட்டில் ஒட்டுமே, தயிரில் போட்டால் என்னவாகும் என்று நான் கேட்டேன். பெத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, வெந்நீரில் அலசி எடுத்தால் ஒட்டாது என்றார். அக்காவுக்கு நம்பிக்கையில்லை. மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் "பாலைப்பழம், அரை லீற்றர், முதலில் எங்களுக்கு மட்டும்" என்று எழுதி வைத்தாள்.