ரிச்சி தெருவிலிருந்து ஒரு குளிர்பெட்டி

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கேபிள், சார்ஜர், சர்க்யூட் போர்டு. கையில் பட்டியலோடு கல்லூரி மாணவர்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஒரு கடையில் நின்று, குளிர்விக்கும் பெல்டியர் தகடு ஒன்று கேட்டேன். "12706 தானே சார்?" என்றபடியே கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நாற்பது மில்லிமீட்டர் சதுரம், நான்கு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தடிமன், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். மேலும் கீழும் வெள்ளைப் பீங்கான் தகடு; நடுவில் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைகடத்தியால் ஆன 127 ஜோடித் துண்டுகள். பெயரில் வரும் 127 அதுதான். கடைசியில் உள்ள 06, அது தாங்கும் 6 ஆம்பியர் மின்னோட்டம். மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சூடாகும். 1834இல் பிரான்ஸின் ழான் பெல்டியர் கண்டறிந்த விளைவு இது. நான்கு ஆண்டுகள் கழித்து லென்ஸ் என்ற இயற்பியலாளர், பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு துளி நீரை உறைய வைத்துக் காட்டினார்.

"நிறைய பசங்க இதை வச்சு ஏசி பண்ணணும்னு வர்றாங்க" என்றார் கடைக்காரர். "ஹீட் சிங்க் வேணுமான்னு கேட்டா, சின்னதா ஒண்ணு போதும்பாங்க." சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டுதான் ஹீட் சிங்க்.

அதே பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறைக்குப் போனேன். வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்காகத் தண்ணீர் பாட்டில் வைக்கும் பெட்டியைச் செய்துகொண்டிருந்தார் அங்கிருந்த மெக்கானிக் அண்ணன். காரில் 12 வோல்ட் இருக்கிறது, பெல்டியருக்கும் அதுவே போதும். இதைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடைக்காது.

முதலில் வயரை ஒரு நொடி மட்டும் கொடுத்து, எந்த முகம் குளிர்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தார். "ஹீட் சிங்க் இல்லாம இதுக்கு மேல ஓட்டக் கூடாது தம்பி. உள்ள இருக்கிற ஈயம் உருகிடும்" என்றார். சாதாரண வகைகளில் உள்ளே பற்றவைத்த உலோகம் 138 டிகிரியிலேயே உருகிவிடும்.

தெர்மாகோல் பெட்டியின் சுவரில் சதுரமாக ஓட்டை போட்டார். குளிர்முகத்தின் மேல் ஒரு அலுமினியக் கட்டை, அதற்கு அப்பால் பெட்டிக்குள் சிறிய ஹீட் சிங்க். சூடான முகத்தில், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பெரிய ப்ராசஸர் கூலர். "அந்தக் கட்டை எதுக்கு?" என்று கேட்டேன். உள்ளே இருக்கும் சிங்க்கும் வெளியே இருக்கும் சிங்க்கும் நெருங்கி இருந்தால் சூடு திரும்ப உள்ளே இறங்கிவிடுமாம். கட்டை இருந்தால் இடையில் தெர்மாகோல் முழுத் தடிமனில் நிற்கும். இரும்புத் திருகுகூட வெப்பத்தைக் கடத்தும் என்பதால் நைலான் வாஷர் போட்டார். தெர்மல் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, எதிரெதிர் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும். சென்னைக் காற்றின் ஈரம் குளிர்முகத்தில் நீராகப் படிந்து உள்ளே புகாமல் இருக்க, ஓரம் முழுவதும் சிலிக்கோன் பசை வைத்தார்.

மேசையில், வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் எஸ்எம்பிஎஸ் கொடுத்து ஓட்டினோம். மல்டிமீட்டர் 4.4 ஆம்பியர் காட்டியது. ஏறத்தாழ 53 வாட். பட்டறையில் 33 டிகிரி. ஒரு மணி நேரத்தில் காலிப் பெட்டிக்குள் 17.

பிறகு அவர் வெளியே இருந்த ப்ராசஸர் கூலரின் ஃபேன் வயரைக் கழற்றினார். சில நிமிடங்களிலேயே உள்ளே வெப்பம் ஏறத் தொடங்கியது. பெட்டியில் எதுவும் மாறவில்லை, சூடான பக்கத்தில் காற்று நின்றது, அவ்வளவுதான்.

எனக்கு முழுக் கணக்கும் அங்கேதான் விளங்கியது. பெல்டியர் கிணற்றில் நீர் இறைப்பதைப் போல வெப்பத்தை உள்ளிருந்து வெளியே இறைக்கிறது. உள்ளிருந்து 25 வாட் எடுத்தால், தான் உண்ட 53 வாட்டையும் சேர்த்து 78 வாட்டை வெளிப்பக்கம் கொட்டும். அந்த 78 வாட் காற்றில் கலந்தால்தான் குளிர்ச்சி நிற்கும். மின்னோட்டத்தைக் கூட்டியும் தப்பிக்க முடியாது: இறைக்கும் வேகம் மின்னோட்டத்தின் அளவில் கூடும், உள்ளே பிறக்கும் சூடோ அதன் இருமடியில் கூடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் சூடு அதே தகடு வழியாக உள்ளே திரும்பும்.

இதே கணக்கு, அறையைக் குளிர்விக்கும் ஆசைக்கும் பதில் சொல்கிறது. ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடலே ஏறத்தாழ 100 வாட் வெளியிடும். ஒரு பெல்டியரால் அந்த அறையில் இருக்கும் ஒருவரின் வெப்பத்தைக்கூட எடுக்க முடியாது. சூடான பக்கமும் அறைக்குள்ளேயே இருந்தால் அறை இன்னும் சூடாகும்.

பெட்டிக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை வைத்தால் ஒவ்வொரு டிகிரி குறையவும் 4.2 கிலோஜூல் போக வேண்டும். ஆகவே வெதுவெதுப்பான பாட்டிலைக் குளிர்விக்க மணிக்கணக்காகும். ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலைக் காப்பதே இதற்கு உகந்த வேலை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய, திறக்காத இன்சுலினை இப்படிச் செய்த பெட்டியை நம்பி வைக்காதீர்கள்.

பெல்டியர் வாங்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஹீட் சிங்குக்கும் ஃபேனுக்கும் ஒதுக்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் முனைகளை மூடி வையுங்கள். பெட்டியைச் சிறியதாகவும் சுவரைத் தடிமனாகவும் செய்யுங்கள். அப்படிச் செய்த பெட்டி நிச்சயம் குளிரும்.