மலையேறும் சாலைகள் – 5: ஐம்பது சிசி உரிமம்

சென்ற வாரம் உங்களை ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடியில் பேருந்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டேன். பைகளில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று துழாவி முடித்தார்கள்; தடுப்புக் கம்பு மேலே போனது. இனி வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. புதிதாக வருகிறவர்கள் உரக்க எண்ணத் தொடங்குவார்கள். இருபதைத் தாண்டுவதற்குள் தலை சுற்றி, சத்தம் அடங்கிவிடும்.

இவற்றில் முதல் ஒன்பதை டிவிஎஸ் 50-இல் ஏறியவன் நான். 16 வயதில், சட்டப்படி.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொதுவாக 18 வயது கேட்கிறது. ஆனால் 50 சிசிக்கு மிகாத வண்டி என்றால் பதினாறிலேயே ஓட்டலாம். வீட்டுப் பெரியவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பாவிடம் அதை வாங்கியது பெரிய கதை, இங்கே வேண்டாம். எல்.எல்.ஆர். எடுத்து, வெள்ளை அட்டையில் சிவப்பில் ‘எல்’ ஒட்டிக்கொண்டு, முப்பது நாள் பொறுத்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழாமலே காற்றில் விரலால் எட்டுப் போட்டுக் காட்டினார். கால் தரையில் படக் கூடாது. புல்லட்டில் வந்த அண்ணன்கள் திணறினார்கள். என் வண்டிக்கு மெதுவாகப் போவது பிறவிக் குணம். பிறகு ஒரே கேள்வி.

“மலை ரோட்டுல எதிர்ல வண்டி வந்தா யாரு நிக்கோணும்?”

“கீழ எறங்குறவங்க நிக்கோணும் சார்.”

அதோடு விட்டுவிட்டார்.

உரிமம் கைக்கு வந்த சமயம், வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வந்திருந்தார். “என்னைக் கொண்டு போயி உட்டுரு கண்ணு” என்று விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை ஒரு தொல்லையும் இல்லை. முதல் வளைவிலேயே வண்டிக்கு இளைத்தது. அந்தக் காலத்து டிவிஎஸ் 50-க்குப் பெடல் உண்டு; மேடு வந்தால் மிதித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வளைவில் மாமா இறங்கிக்கொண்டு, “நீ போ, நான் நடந்து வந்து புடிச்சுக்கறேன்” என்றார். பிடித்தும் விட்டார். 50 சிசி என்று வரம்பு வைத்தவர்கள் பையன்களின் வேகத்துக்குப் பயந்திருப்பார்கள். மாமாவின் நடையை அவர்கள் பார்த்ததில்லை.

ஆறாவதோ ஏழாவதோ வளைவு. மேலே ஓர் அரசுப் பேருந்து முகம் காட்டியது. திரும்ப அதற்கே இடம் போதாது. நான் ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். ஓட்டுநர் வளைவுக்கு மேலேயே நிறுத்தி, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஏறி வா என்று அசைத்தார். சன்னல்களெல்லாம் தலைகள். பெடலை மிதித்துக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, தடதடவென்று சுற்றி ஏறினேன். கால் தரையில் படவில்லை. எட்டில் பாதிதானே ஒரு கொண்டை ஊசி! அன்று என் சட்டைப் பையிலிருந்த உரிமத்தை யாரும் கேட்கவில்லை. அந்த ஓட்டுநர் பார்க்காமலே ஒப்புக்கொண்டார்.

இன்று 50 சிசி பெட்ரோல் வண்டியைக் கடையில் காண்பது அரிது. சட்டத்தில் அந்த வயது மட்டும் அப்படியே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாத சிறுவன் ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. எனக்கு இதில் வருத்தமில்லை. அந்தச் சம்மதக் கையெழுத்துக்கு இப்போதுதான் கனம் வந்திருக்கிறது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு அணை. பாறை விளிம்பில் வரையாடுகள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. சூடு ஆறட்டும் என்று வண்டியை நிறுத்தியதும், மாமா பின்னால் வந்த வால்பாறைப் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். படியில் நின்றபடியே கத்தினார்: “எறங்கறப்ப ஏறி வர்றவனுக்கு நீ நில்லு கண்ணு!”

நின்றேன். லாரிக்கு நின்றேன், ஜீப்புக்கு நின்றேன். விறகுக் கட்டோடு ஏறி வந்த ஒரு பாட்டிக்கும் வண்டியை ஓரம் கட்டி நின்றேன். “என்ன சாமி, வண்டி கெட்டுப்போச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

(தொடரும்)